சட்டிக்கடியில் ஓர் அப்பளம்

அந்த அக்கா எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் முறுக்கு டப்பாவைத் திறப்பார். ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிப்பார். சத்தம் சரியாக இருந்தால் டப்பாவை மூடிவிட்டு உட்காருவார். சரியில்லை என்றால், "மூடி சேரலைங்க, வேற டப்பாவுல போடுங்க" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு உட்காருவார். ஒடித்த முறுக்கை இரண்டு சமயத்திலும் சாப்பிட மாட்டார். அது என் மகளின் பங்கு.

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் அவருக்கு எதிர் குவார்ட்டர்ஸ். கணவர் மைன்ஸில் ஷிஃப்ட் பார்ப்பவர். நல்ல மனிதர், ஏழெட்டு வருஷத்தில் அவர் பேசி நான் கேட்டது மொத்தம் நாலு வாக்கியம் இருக்கும். அவர் பேசாததையும் சேர்த்து அக்கா பேசினார். அக்காவுக்கு ஊர் முத்தாண்டிக்குப்பம். வேலை, சிவில் பிரிவின் காங்கிரீட் லேபில். காங்கிரீட்டைக் கட்டி கட்டியாக வார்த்து, மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எட்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எட்டு வருஷமும் கான்ட்ராக்ட்டில்தான். எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டே வகை, பர்மனென்ட், கான்ட்ராக்ட். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் நட்சத்திரத்தைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.

அக்காவின் குணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எதையும் வைத்துப் பார்க்காமல் அவர் 'காஞ்சிடுச்சு' என்று சொல்ல மாட்டார். கொடியில் கிடக்கிற துணியாகட்டும், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவராகட்டும், வெயிலில் பரப்பிய மிளகாயாகட்டும், "கண்ணுக்குக் காஞ்சிருக்கும். வெச்சிப் பார்த்தாதான் தெரியும்" என்பார். எங்கள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம் வரைக்கும் காலண்டர் மாட்ட விடவில்லை. சுவரில் ஒரு பழைய செய்தித்தாளை ஒட்டி வைத்து, தினம் வந்து அதன் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். அந்த மாதம் எங்களுக்கு அமாவாசை எது என்று அவர்தான் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு தீபாவளிக்கு நான் ஊரிலிருந்து ஒரு பெட்டி பட்டாசு கொண்டுவந்தேன். எனக்கு ஊர் சிவகாசிக்குப் பக்கம். பட்டாசைப் பற்றி எனக்கே பாடம் எடுக்க ஓர் ஆள் நெய்வேலியில் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அக்கா ஒரு லட்சுமி வெடியை எடுத்துத் திரியை இரண்டு விரலால் உருட்டினார்.

"ரயில்ல ஜன்னலாண்ட வெச்சிகினு வந்தீங்களா?"

"ஆமாக்கா. ஏன்?"

"மழை பட்டிருக்குது. இது வெடிக்காதுங்க, சீறும்."

பிளாக் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, நான் வேண்டுமென்றே அதைக் கொளுத்தினேன். அது சீறியது. சிவகாசிக்காரன் பட்டாசு சீறிப்போன கதை மந்தாரக்குப்பம் கடைத்தெரு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சவரம் செய்கிற கடையில்கூட ஒருவர் என்னை விசாரித்தார்.

எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிடவில்லை. கல்யாணப் பட்டுப்புடவையைப் பெருமையாகப் பிரித்துக் காட்டிய ஓர் அம்மாளிடம், "பீரோ சுவத்த ஒட்டி இருக்குதா? அடியில பூக்க ஆரம்பிச்சிருக்குது பாருங்க" என்று சபையில் சொல்லிவிட்டார். மடிப்பைத் திருப்பிப் பார்த்தால் பூசணம் பிடித்திருந்தது. சொன்னது சரியாக இருந்ததற்காகத்தான் அந்த அம்மாள் ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்.

ரிஜிஸ்டர் விஷயத்திலும் அதே பிடிவாதம். தன் கண்ணால் பார்க்காத எதையும் அதில் எழுத மாட்டார். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் மெஷினை ஓட்டியவர்கள் கணக்கைத் துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருந்தார்கள். அக்கா சீட்டை வாங்கி ரிஜிஸ்டரில் ஊசியால் குத்தி வைத்துவிட்டு, பக்கத்தை அப்படியே காலியாக விட்டார். "அவங்க பார்த்தத அவங்கதான் எழுதணும்" என்றார். அவர்கள் வந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார்.

இப்போது ஷட்டில் கோர்ட் கதைக்கு வருகிறேன். இதில் என் யோக்கியதையும் வெளியே வரும்.

நான் அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர். அதைவிட முக்கியமாக, ரிக்ரியேஷன் கிளப்பின் ஷட்டில் பிரிவுக்கு செக்ரட்டரி. அதனால் அக்கா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, செக்ரட்டரிதான். பல வருஷம் மனுக் கொடுத்து, கெஞ்சி, கடைசியில் எங்களுக்கு உள்ளரங்கக் கோர்ட் ஒன்று சாங்ஷன் ஆனது. அதுவும் மரத்தரை. காங்கிரீட்டின் மேல் சட்டம் அடித்து, அதன்மேல் தேக்குப் பலகை. அதுவரை சிமென்ட் தரையில் ஆடி எங்கள் முழங்கால்கள் வயதுக்கு முன்னால் கிழடு தட்டியிருந்தன. பலகை பாவியவுடன் யூனிட்டுகளுக்கு இடையிலான டோர்னமென்ட் நம் ஊரிலேயே நடக்கும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு முப்பத்தைந்து நடந்தது. என் டபுள்ஸ் ஜோடிக்கு மாற்றல் உத்தரவு வந்தாயிற்று. எங்கள் இருவருக்கும் அது கடைசி வாய்ப்பு. நான் தூக்கத்தில்கூட சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்ததாக என் மனைவி சொன்னாள்.

காங்கிரீட் போட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, பதப்படுத்தியாயிற்று. பலகைகளும் வந்து அடுக்கப்பட்டன. மந்தாரக்குப்பம் மரக்கடை பாய்தான் கான்ட்ராக்டர். பாக்கி ஒன்றே ஒன்று. தரையில் ஈரமில்லை என்று லேபிலிருந்து ரிப்போர்ட் வர வேண்டும். லேப் என்றால் அக்கா.

அந்த வருஷம்தான் கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் செய்யும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அக்காவின் பெயரும் இருந்தது. பட்டியலில் குறிப்பு எழுத வேண்டியவர் எக்ஸிகியூட்டிவ் என்ஜினியர். கோர்ட்டைத் தேதிக்குள் முடித்துத் தருவதாக மேலிடத்தில் வாக்குக் கொடுத்தவரும் அவரேதான்.

"என்னம்மா ஈரம்? மைன்ஸ்ல ராப்பகலா பம்பு ஓடிட்டிருக்கு. இந்த ஊருக்கு அடியில தண்ணி ஏது?" என்றார் அவர்.

இதை அவர் மட்டுமில்லை, நெய்வேலியில் எல்லோருமே நம்பினோம். சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டு வராமல் இருக்கப் பம்புகள் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே எங்கள் ஊர்த் தரை இந்தியாவிலேயே காய்ந்த தரை என்று ஒரு கித்தாப்பு எங்களுக்கு.

"பம்பு உறியிறது கீழங்க சார். நாம தண்ணி கட்டுனது மேல" என்றார் அக்கா. "அது இன்னும் காங்கிரீட்டுக்குள்ளதான் இருக்குது."

முதலில் ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் கறுப்பு டேப்பால் ஒட்டினார். மூன்றாம் நாள் பிரித்தபோது தாளின் உள்பக்கம் லேசாகப் பனித்திருந்தது. தாளில் பட்டது வெளிக் காற்றின் ஈரம் என்று என்ஜினியர் சாதித்தார். மழைக்காலம் வேறு. அக்கா மறுநாள் காலை வீட்டில் இரண்டு அப்பளம் பொரித்து, இறுக்கமான டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தரையில் ஒரு சிறு கம்பி முக்காலி, அதன்மேல் ஓர் அப்பளம், அதை மூடி ஓர் அலுமினியச் சட்டி. பத்தடி தள்ளி இன்னொரு செட், அதற்கு மட்டும் அடியில் ஒரு தகரத் தகடு. இரண்டு சட்டிகளின் விளிம்பையும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். மைதா மாவைப் பிசைந்து அப்பலாமே என்று நான் யோசனை சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஈரத்தப் பிடிக்கிறதுக்கு ஈர மாவா? நல்லா இருக்குதுங்க செக்ரட்டரி."

மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினார். "ரெண்டும் நமத்துப் போனா அது காத்து. தகரம் இல்லாதது மட்டும் நமத்தா அது தரை. அவ்ளோதான்" என்றார்.

மூன்று நாள் கழித்துத் திறந்தார். தகரத்தின் மேல் இருந்த அப்பளம் மொறுமொறுவென்று உடைந்தது. மற்றது வளைந்தது. பாய் அதை வாங்கி மடித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "மரம் தண்ணி குடிச்சா சும்மா படுத்துகினு இருக்காதுங்க. எழுந்து உக்காந்துக்கும். ஒரு ஊர்ல கல்யாண மண்டப மேடைய அப்படிப் போட்டுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மா சொல்றாப்புலயே செய்ங்க" என்றார்.

என்ஜினியர் கேட்கவில்லை. பத்து நாள் ஜன்னலைத் திறந்து போட்டு, ஃபேன் ஓட்டி, மறுபடி டெஸ்ட் வைக்கச் சொன்னார். "இந்தத் தடவை நல்லபடியா முடியும்னு நெனைக்கிறேன். உங்க ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு" என்றார். அக்கா "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுக்கப் போனார்.

பத்து நாள் கழித்து அக்கா மறுபடி இரண்டு சட்டிகளையும் கவிழ்த்து ஒட்டினார். கிளப்புச் சாவி என்னிடம் இருந்தது. எனக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட், ஆகவே பகலெல்லாம் ஓய்வு. ஓய்வாக இருக்கிறவன் மூளையில் என்ன ஓடும் என்று சொல்லவா வேண்டும்? அக்கா சட்டியைத் திறப்பதற்கு முதல்நாள், மத்தியானம் சாப்பாட்டில் ஓர் அப்பளத்தைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒட்டுவதற்கு மெழுகு வேண்டுமே. கரண்ட் தயாரிக்கிற ஊரில் எவன் வீட்டில் மெழுகுவத்தி இருக்கும்? போன மாதம் மகளுக்குப் பிறந்த நாள். கேக்கில் குத்திய குட்டி மெழுகுவத்திகள் ஒரு தீப்பெட்டிக்குள் மிச்சம் இருந்தன. அதையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மணிச் சங்கு ஊதியபோது நான் கோர்ட்டுக்குள் மண்டி போட்டிருந்தேன். தகரம் இல்லாத சட்டியைப் பெயர்த்தேன். அக்கா வைத்த அப்பளம் துவண்டு கிடந்தது. என்னுடையதை வைத்து, சட்டியைக் கவிழ்த்து, மெழுகைச் சுற்றிலும் சொட்டி அடைத்தேன். கையில் மிஞ்சிய அந்தத் துவண்ட அப்பளத்தை என்ன செய்வது? பாக்கெட்டில் வைத்தால் வெள்ளைச் சட்டையில் எண்ணெய் தெரியும். வெளியே பாயின் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எறியவும் முடியாது. தின்றுவிட்டேன்.

மறுநாள் சட்டியைத் திறந்தபோது நானும் அக்காவும் மட்டும்தான் இருந்தோம். சாவி கொண்டுபோகும் சாக்கில் நான் நின்றிருந்தேன். அக்கா விளிம்பிலிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினார். கொஞ்ச நேரம் நகத்தையே பார்த்தார். அப்பளத்தைத் தொட்டார். மொறுமொறு.

"காஞ்சிடுச்சேக்கா!" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உயரமாகப் பட்டது.

"இருங்க. எடை போட்டுட்டுச் சொல்றேன்."

எடையா? எனக்கு அப்போதுதான் அந்த விஷயமே தெரியும். அப்பளத்தை வைப்பதற்கு முன்பும் எடுத்த பின்பும் லேபில் கண்ணாடிப் பெட்டித் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்வாராம். அவர் டப்பாவை மூடிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது என் மனைவி சொன்னாள், "எதிர்வீட்டு அக்கா வந்துட்டுப் போனாங்க. நேத்து மத்தியானம் என்ன சாப்பாடுன்னு கேட்டாங்க. வழக்கம்போல டப்பாவெல்லாம் தொறந்து பார்த்தாங்க." அவருக்கு எப்போதும் உள்ள பழக்கம்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இரண்டு நாளில் சேதி வந்தது. சாம்பிள் கெட்டுவிட்டதாம், டெஸ்ட்டைத் திரும்ப வைக்க வேண்டுமாம். திரும்ப வைத்தார்கள். அப்பளம் துவண்டுதான் கிடந்தது. டோர்னமென்ட் வேறு ஊருக்குப் போனது. நாங்களும் அங்கே போய் ஆடி, முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு வந்தோம். பர்மனென்ட் பட்டியலும் வந்தது. அதில் அக்காவின் பெயர் இல்லை. ஏதோ ரிமார்க் என்றார்கள். ஈரம் என்று எழுதியதற்குத்தான் பழிவாங்கிவிட்டார் என்று பிளாக்கே என்ஜினியரைத் திட்டியது. நானும் கூடச் சேர்ந்து, கொஞ்சம் பலமாகவே, திட்டினேன்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. வழக்கம்போல வந்து முறுக்கை ஒடித்தார். எனக்குத்தான் அவர் எதிரில் உட்கார முடியவில்லை, பேட் கட்ட நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவேன். சித்திரை வெயிலில் தரை காய்ந்தது. அக்கா மறுபடி வைத்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று எழுதினார். பாய் பலகை பாவினார். திறப்பு விழா முடிந்து கூட்டம் போன பிறகு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கோர்ட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒருமுறை நடந்து போனார், வந்தார். அந்தத் தரையில் நான் ஏழு வருஷம் ஆடினேன். ஒரு பலகைகூட எழுந்து உட்காரவில்லை.

முதல் பட்டியல் வந்து இரண்டு வருஷம் கழித்து, அடுத்த பட்டியலில் அக்கா பர்மனென்ட் ஆனார். பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார். அதற்குள் அந்த என்ஜினியருக்கு மாற்றலாகிவிட்டது. பக்கத்தில் இன்னொரு கோர்ட் போடப் பேச்சு எழுந்ததால், பழைய டெஸ்ட் விவரங்களைக் குறித்துவரச் சொல்லி என்னை லேபுக்கு அனுப்பினார்கள். அக்கா ரிஜிஸ்டரை எடுத்து, பக்கத்தைத் தேடிப் பிரித்து, என் முன்னால் வைத்துவிட்டுத் தராசைத் துடைக்கப் போனார்.

முதல் டெஸ்ட், தேதி, எடை, முடிவு, எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் இருந்தன. அதற்குக் கீழே இரண்டாவது டெஸ்ட். வைத்த எடை இருந்தது. எடுத்த எடைக் கட்டம் காலி. 'நிலை' என்ற கட்டமும் காலி. பக்கத்தில் ஒரு வரி, 'அப்பளத்தை எலி தின்றுவிட்டது. டெஸ்ட் திரும்ப வைக்கப்படும்.' ஓரத்தில் என்ஜினியரின் சிவப்பு மை, 'கவிழ்த்து ஒட்டிய சட்டிக்குள் எலி எப்படிப் போகும்? பொறுப்பின்மை. பர்மனென்ட் ஃபைலில் சேர்க்கவும்.'

அந்த ஒரு வரிதான் அவருடைய இரண்டு வருஷத்தைத் தின்றிருக்கிறது. வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, அந்த எலி..."

"தெரியும்ங்க. கூடினா ஈரம். கொறைஞ்சா திருட்டு. கொறைஞ்சிருந்துது." தராசைத் துடைப்பதை அவர் நிறுத்தவில்லை. "மெழுகும் ரோஸ் கலர்ல இருந்துது. எங்க லேப்ல ஏதுங்க ரோஸ் கலரு?"

"அப்பவே எழுதியிருக்கலாமே. செக்ரட்டரிதான் மாத்தி வெச்சாருன்னு."

"எழுதியிருந்தா உங்களுக்கு சார்ஜ்ஷீட்டு. வேலை நிக்குமா? எனக்கு ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சி, அவ்ளோதான்."

"பார்க்காதத எழுத மாட்டீங்களேக்கா."

அக்கா துணியை வைத்துவிட்டுத் திரும்பினார். "யாருங்க பார்க்காம எழுதினது? அன்னிக்கே உங்க வூட்டுக்கு வந்து விசாரிச்சேன். ஒரு அப்பளம் எடுத்துகினு போனாருன்னாங்க, திரும்ப எடுத்துகினு வரலன்னாங்க. கோர்ட்டச் சுத்தியும் தேடிப் பார்த்தேன், எங்கியும் போட்டிருக்கல. அப்ப தின்னது நிச்சயம். தின்னது யாருன்றத மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதினேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் சிரிக்கவில்லை. மேஜைக்கு வந்து பேனாவைத் திறந்து, ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டு வருஷமாகக் காலியாக இருந்த அந்தக் கட்டத்தில் பேனா முனையை வைத்தார்.

"சொல்லுங்க. எப்படி இருந்துது?"

"என்னதுக்கா?"

"நீங்க தின்ன அப்பளம்ங்க. மொறுமொறுன்னு இருந்துதா, நமத்துப் போயிருந்துதா?"

"நமத்துத்தான் போயிருந்ததுக்கா. ஈரத் துணியக் கடிச்ச மாதிரி."

அக்கா பேனாவைக் கட்டத்திலிருந்து எடுத்தார். ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, பேனாவை என் கையில் கொடுத்தார்.

"நான் பார்க்கலியே. பார்த்தவங்கதான் எழுதணும்."

'நமத்துப் போயிருந்தது' என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.